கணினியில் வி.பி.என். நிறுவுவது எப்படி?

(பிறையில் நடந்த தொண்டர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2008 ஆகஸ்டு கடைசியில் மலேசியா டுடே வலைத்தளம் திடீரென்று திறக்கவில்லை. இணையச் சேவை நிறுவனங்களுக்கு தொடர்பு, பல்லூடக ஆணையம் போட்ட உத்தரவு அது. இணையத்தைத் தணிக்கை செய்யமாட்டோம் என்று அரசாங்கமே எழுத்தில் கொடுத்திருந்த வாக்குறுதி அலமாரியில் கிடந்தது. இரண்டு வாரத்தில் தடையை எடுத்தார்கள். பிறகு 2015 ஜூலையில் சரவாக் ரிப்போர்ட். 2016 பிப்ரவரியில் தி மலேசியன் இன்சைடர். 2018 மே 9 இரவு, வாக்கு எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், மலேசியாகினியின் முடிவுப் பக்கங்கள்.

இந்தத் தடைகள் பெரும்பாலும் டி.என்.எஸ். மூலம் நடப்பவை. டி.என்.எஸ். என்பது இணையத்தின் தொலைபேசிப் புத்தகம். தளத்தின் பெயரைக் கேட்டால் எண்ணைத் தரும். உங்கள் சேவை நிறுவனம் தன் புத்தகத்தில் ஒரு பெயரை அடித்துவிட்டால் அந்தத் தளம் உங்களுக்குக் கிடைக்காது. அதனால்தான் பலர் கணினியில் 8.8.8.8 என்று கூகுளின் புத்தகத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். 2024 செப்டம்பரில் அந்தக் கேள்வியையும் வழியிலேயே மடக்கி உள்நாட்டுப் புத்தகத்துக்குத் திருப்பச் சொன்னார்கள். மக்கள் போட்ட சத்தத்தில் சில நாளிலேயே அது கைவிடப்பட்டது. ஆனால் செய்ய முடியும் என்பது தெரிந்துவிட்டது. வி.பி.என். அந்தக் கேள்வியையே பூட்டிய குழாய்க்குள் அனுப்புகிறது.

நமக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், சிவப்பு அடையாள அட்டையோடு வயதானவர்கள், இவர்களின் காகிதங்களை நீங்கள் வீடு வீடாகப் போய் ஸ்கேன் செய்கிறீர்கள். அந்தக் கோப்புகள் உள்ள நம் சர்வர் இனி வி.பி.என். வழியாக மட்டுமே திறக்கும். நாடே தன்னைக் கணக்கில் எடுக்காத ஒருவர் நம்மை நம்பித் தந்த காகிதம் அது. கசிந்தால் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்ய முடியாது.

நாம் பயன்படுத்துவது வயர்கார்டு. விண்டோஸில் அமைப்புகளுக்குள்ளேயே வி.பி.என். சேர்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதில் போய்த் தேடாதீர்கள், அதற்கு வயர்கார்டு தெரியாது. வயர்கார்டின் சொந்தத் தளத்திலிருந்து மென்பொருளை இறக்குங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தி இறக்க வேண்டாம். நிறுவும்போது நிர்வாகி கடவுச்சொல் கேட்கும், ஏனென்றால் கணினிக்குள் புதிதாக ஒரு வலையமைப்பு அட்டை உள்ளதுபோல் அது உருவாக்குகிறது. அலுவலகக் கணினியில் அந்த உரிமை உங்களுக்கு இருக்காது. ஆகவே முதலாளியின் கணினியில் இந்த வேலையே வேண்டாம். இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஓட்டை வீட்டுக்கு இரும்புக் கதவு போட்டு என்ன பயன்?

மேக்கில் ஆப் ஸ்டோரிலேயே கிடைக்கும். வி.பி.என். அமைப்பைச் சேர்க்கலாமா என்று ஒருமுறை கேட்கும், அனுமதியுங்கள். உபுண்டுவில் தொகுப்பை நிறுவி, கோப்பை வயர்கார்டு அடைவில் வைத்து, ஒரு கட்டளையில் இயக்கலாம். கைப்பேசிதான் எளிது: கியூ.ஆர். படத்தைக் காட்டினால் போதும். ஆண்ட்ராய்டில் 'எப்போதும் இயங்கும் வி.பி.என்.' என்பதையும், வி.பி.என். இல்லாதபோது இணைப்பைத் தடுக்கும் விருப்பத்தையும் சேர்த்தே போடுங்கள். கோப்பிக் கடை வைஃபையில் இணைப்பு அறுந்தால் நீங்கள் கவனிக்கமாட்டீர்கள்.

எல்லோரும் தவறு செய்யும் இடம் அமைப்புக் கோப்பு. அதில் உங்கள் ரகசியச் சாவி இருக்கிறது. அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வீட்டுச் சாவியைச் சந்தையில் தொங்கவிட்ட கதைதான். ஒரு கருவிக்கு ஒரு சாவி. அக்காவும் தம்பியும் ஒரே கோப்பைப் பகிர்ந்தால் இரண்டு பேர் இணைப்பும் மாறி மாறி அறும். முன்பு எங்களில் ஒருவர் அப்படிச் செய்து, சர்வரில்தான் கோளாறு என்று ஒரு மாலை முழுக்க என்னிடம் சண்டை போட்டார். கருவி தொலைந்தால் அன்றே சொல்லுங்கள். அந்தச் சாவியை மட்டும் சர்வரிலிருந்து நீக்கிவிடலாம். கோப்பில் டி.என்.எஸ். வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால், குழாய் ஓடினாலும் பெயர் கேட்கும் கேள்வி பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கலாம்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வி.பி.என். பயன்படுத்துவதே குற்றம் என்று இங்கே சட்டம் இல்லை. ஆனால் 233-வது பிரிவு குழாய்க்குள்ளும் உங்கள் கூடவே வரும். 2025-இல் அதன் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சமாக உயர்ந்துவிட்டது. முகநூலில் உங்கள் பெயரில் எழுதிவிட்டு, வி.பி.என். என்னைக் காப்பாற்றும் என்று இருக்காதீர்கள். இலவச வி.பி.என். பக்கமும் போகாதீர்கள், அங்கே உங்கள் இணைப்பு முழுவதும் முகம் தெரியாத ஒருவர் கையில்.

சரி, மடிக்கணினிகளைத் திறங்கள். பின்வரிசையில் உபுண்டு வைத்திருக்கும் தம்பி, இங்கே முன்னால் அம்மா பக்கத்தில் வந்து உட்காருங்கள். அவர் கைப்பேசியில் மேலே சாவிக் குறி வந்ததும் சொல்லுங்கள், அடுத்ததைத் தொடங்குவோம்.