தனி ஒருவர் எழுதிய நூலகம்: சிவராம காரந்தின் படைப்புலகம்

(தமிழ்ப் பள்ளியின் பெற்றோர், மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழ்ப் பள்ளிக் கூட்டத்தில் ஒரு கன்னட எழுத்தாளரைப் பற்றிப் பேசுவதா என்று பள்ளிக்குழு நண்பர் ஒருவர் கேட்டார். காவிரி நீர்தான் வரவில்லை, கன்னடத்து நூல்களாவது வரட்டுமே என்று விடையளித்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒப்புதல் தந்தார். உண்மையான காரணம் வேறு. நம் பிள்ளைகள் எழுப்பும் வினாக்களுக்கு நம் மொழியில் விடை சொல்ல இயலுமா என்பதே நம் வீடுகளில் நாள்தோறும் நிகழும் சோதனை. நிலா ஏன் தேய்கிறது என்று ஏழு வயதுப் பிள்ளை தமிழில் கேட்கிறது. நாமோ முதல் வரியைத் தமிழில் தொடங்கி, இரண்டாம் வரியிலேயே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம். சில ஆண்டுகள் சென்றபின், பிள்ளை கேள்வியையே ஆங்கிலத்தில் கேட்கத் தொடங்குகிறது. இச்சோதனையை எழுபது ஆண்டுகளுக்கும் முன்பே தம் மொழிக்காக எதிர்கொண்டவர் கோட்ட சிவராம காரந்த்.

அவர் பிறந்தது 1902ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், உடுப்பிக்கு வடக்கே கடலோரம் அமைந்த கோட்ட என்னும் ஊரில். அந்நாளில் அப்பகுதி தென் கன்னட மாவட்டம் என்ற பெயரில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1956ஆம் ஆண்டு மொழிவாரி மாநிலங்கள் அமையும் வரை நம்மோடு ஒரே ஆட்சியின் கீழ் இருந்த மண் அது. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுக் கல்லூரியை விட்டு வெளியேறியவர் காரந்த். பட்டம் பெறவில்லை, அரசுப் பணிக்கும் செல்லவில்லை. புத்தூரில் 'பாலவனம்' என்ற இடத்தை அமைத்துக்கொண்டு பல்லாண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். குழந்தைகளுக்குப் புதிய முறையில் கல்வி அளிக்கும் முயற்சியை அங்கு மேற்கொண்டார். சொந்த அச்சகம் நிறுவித் தம் நூல்களைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். ஊமைப்படக் காலத்தில் திரைப்படம் எடுத்தும் பார்த்தார்.

பல்கலைக்கழகமோ பெரும் பதிப்பகமோ பின்னால் நில்லாத இம்மனிதர் 47 நாவல்களை எழுதினார். நாடகங்கள், பயண நூல்கள், கலை ஆய்வுகள், அகராதி, தன்வரலாறு ஆகியவற்றையும் சேர்த்தால் அவர் எழுதியவை நூற்றுக்கணக்கில் நீளும். 'பித்து மனத்தின் பத்து முகங்கள்' என்று பொருள்படும் தலைப்பைத் தம் தன்வரலாற்றுக்கு அவரே சூட்டினார். பத்து என்பது குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் குழந்தைகளுக்கான பணியைச் சொல்கிறேன். 1936ஆம் ஆண்டு அவர் 'பால பிரபஞ்ச' என்னும் சிறுவர் கலைக்களஞ்சியத்தை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். பின்னர், 1950களின் இறுதியில் தொடங்கி, 'விஞ்ஞான பிரபஞ்ச' என்னும் அறிவியல் களஞ்சியத்தை நான்கு தொகுதிகளாக அளித்தார். நாமும் இத்துறையில் பின்தங்கியவர்கள் அல்லர். பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது; அதனைத் தொடர்ந்து குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகளாக வந்தது. ஆயினும் அது ஒரு நிறுவனத்தின் பணி. துறைதோறும் அறிஞர்கள் கட்டுரை வழங்கினர். காரந்தோ தனி ஒருவராக அமர்ந்து, ஆங்கில நூல்களைப் படித்துப் புரிந்துகொண்டு, கன்னடச் சிறுவனுக்கு விளங்கும் சொற்களைத் தேடி எழுதினார்.

பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு வியப்பு உண்டு. நான் கல்லூரியில் மின்சுற்றுகளைப் பற்றி நான்காண்டுகள் படித்தேன். அவற்றை என் தாயாருக்குத் தமிழில் விளக்கச் சொல்லியிருந்தால் நானும் என் வகுப்புத் தோழர்களும் திணறியிருப்போம். காரந்தோ அறிவியலைக் கல்லூரியில் முறையாகக் கற்றவர் அல்லர். தமக்கு விளங்காததைத் தாமே கற்று, விளங்கியதை உடனே தம் மொழியில் எழுதிப் பார்த்தவர். கலைச்சொல் உருவாகட்டும், குழு அமையட்டும், பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அவருடைய அறிவியல் நூல்கள் இன்று பழையனவாகிவிட்டன என்பது உண்மையே. அணுவைப் பற்றியும் விண்வெளியைப் பற்றியும் 1950களில் எழுதியதை இன்றைய மாணவனிடம் பாடமாகக் கொடுக்க முடியாது. எந்தக் களஞ்சியத்துக்கும் நேர்வதுதான் அது.

நாவல்கள் அவ்வாறு பழையனவாகவில்லை. 1933ஆம் ஆண்டு வெளிவந்த 'சோமன துடி'யை எடுத்துக்கொள்வோம். சோமன் என்னும் தாழ்த்தப்பட்ட பண்ணையாள், ஒரு துண்டு நிலத்தைத் தானே உழுது பயிரிட வேண்டும் என்று விரும்புகிறான். அவனிடம் இரண்டு மாடுகள் இருக்கின்றன. ஆனால் அவன் சாதிக்கு நிலம் கொடுக்கும் வழக்கம் இல்லை. பழைய கடனுக்காக அவன் பிள்ளைகள் காப்பித் தோட்டத்துக்குச் செல்கிறார்கள். ஒருவன் நோயால் இறக்கிறான், ஒருவன் மதம் மாறி அங்கேயே தங்கிவிடுகிறான். இளையவன் நீரில் மூழ்கும்போது, தீட்டுக்கு அஞ்சிக் கரையிலிருப்போர் காப்பாற்றத் தயங்குகின்றனர். சோமனிடம் எஞ்சுவது அவன் அடிக்கும் துடி ஒன்றே. பி. வி. காரந்த் இயக்கிய இக்கதையின் திரைவடிவம் 1975ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. எழுதியவர் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும், அது 1933 என்பதையும் நினைவில் நிறுத்திப் படிக்க வேண்டும். இலங்கை மலையகத்துக்கும் மலேயாத் தோட்டங்களுக்கும் கடனோடு ஏற்றிச் செல்லப்பட்ட நம் முன்னோரின் வரலாறு அறிந்தவர்களுக்கு, அந்தக் காப்பித் தோட்டத்துப் பக்கங்கள் அயலார் கதையாகத் தோன்றா.

புலம்பெயர்ந்த பெற்றோர் கட்டாயம் படிக்க வேண்டியதாக நான் கருதுவது 'மரளி மண்ணிகெ'. 'மீண்டும் மண்ணுக்கு' என்று பொருள். தி. பா. சித்தலிங்கையா அவர்களின் மொழிபெயர்ப்பில் 'மண்ணும் மனிதரும்' என்ற பெயரில் தமிழில் கிடைக்கிறது. கடலோரச் சிற்றூர் ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. முதல் தலைமுறையில் ராம ஐதாளர் புரோகிதம் செய்தும் வயலைப் பார்த்தும் வாழ்கிறார். உண்மையில் வயலைச் சுமப்பவர்கள் அவர் மனைவி பாரோதியும், கைம்பெண்ணான தங்கை சரசோதியும். நாற்று நடுவது, விறகு சேர்ப்பது, வெள்ளம் வரும்போது ஆற்றில் மிதந்து வரும் மரங்களைப் பிடித்து இழுப்பது என்று அப்பெண்களின் உழைப்பைக் காரந்த் பக்கம் பக்கமாக எழுதிச் செல்கிறார். அவசரமாகப் படிப்போருக்கு அப்பகுதி மெதுவாகத் தோன்றலாம். நாவலின் உயிரே அங்குதான் இருக்கிறது.

இரண்டாம் தலைமுறையில் மகன் லச்சன். பிள்ளை ஆங்கிலம் படிக்க வேண்டும், ஊரார் முன் தலைநிமிர வேண்டும் என்று தந்தை அவனைப் பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்புகிறார். அவன் மண்ணையும் இழக்கிறான், ஒழுக்கத்தையும் இழக்கிறான், குடும்பச் சொத்தையும் அழிக்கிறான். அண்டை வீட்டுப் பிள்ளைகளோ பெங்களூர் சென்று உணவகம் நடத்திப் பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பணம் ஊரில் கிளப்பும் போட்டியையும் பொறாமையையும் படிக்கும்போது, நம் ஊர்களில் வெளிநாட்டுப் பணத்தால் எழுந்த மாடிவீடுகள் நினைவுக்கு வராமல் போகா. மூன்றாம் தலைமுறைப் பேரன் ராமன் சென்னைக்குப் படிக்கச் செல்கிறான், விடுதலைப் போரில் சிறை செல்கிறான், பம்பாயில் வேலைக்கு அலைகிறான், இறுதியில் ஊர் திரும்புகிறான்.

ஊர் திரும்புங்கள் என்று நமக்கு உபதேசம் செய்யும் நூல் என்று இதனை நான் பரிந்துரைக்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் திரும்பப் போவதில்லை. அதனை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் பிள்ளைக்குக் கல்வி கொடுக்கும்போது அவனிடமிருந்து எதனை எடுத்துவிடுகிறோம் என்று ராம ஐதாளர் ஒருமுறையும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் எனக்கு அவர் மீது சினம் வந்தது. பின்னர் சற்று நேரம் நூலை மூடி வைத்துவிட்டு அமர்ந்திருந்தேன்.

இளையோருக்கு நான் சொல்வது 'மூகஜ்ஜிய கனசுகளு', அதாவது மூகாம்பிகைப் பாட்டியின் கனவுகள். 1968ஆம் ஆண்டு வெளிவந்தது. 1977ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது காரந்துக்குக் கிடைக்கக் காரணமான நூல். சிறுவயதிலேயே கணவனை இழந்த ஒரு கிராமத்துப் பாட்டி; படித்த பேரன். அவன் ஒரு பழம்பொருளைக் கொண்டுவந்து பாட்டியின் கையில் வைத்தால், அப்பொருளின் கடந்த காலம் அவள் கண்முன் விரிகிறது. கடவுளைப் பற்றியும், மதங்களைப் பற்றியும், ஆண் பெண் உறவைப் பற்றியும் அந்தப் பாட்டி பேசுவதைக் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பேரன் ஐயம் எழுப்புகிறான், பாட்டி அஞ்சாமல் விடை சொல்கிறாள். வாரம் ஒருமுறை தொலைபேசியில் "சாப்பிட்டியா" என்பதோடு பாட்டியிடம் பேச்சை முடித்துக்கொள்ளும் நம் பிள்ளைகள் இதனைப் படிக்க வேண்டும். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்கிறேன்.

கலைத்துறையில் அவர் பணி யட்சகானம். அக்கூத்தைப் பற்றிய 'யட்சகான பயலாட்ட' என்னும் ஆய்வு நூலுக்கு 1959ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ஆராய்ந்ததோடு நில்லாமல், பேச்சைக் குறைத்து ஆட்டத்தையும் இசையையும் முன்னிறுத்தி, வயலினும் சாக்சபோனும் சேர்த்துப் புதிய வடிவில் மேடையேற்றினார். மரபைக் கெடுத்தார் என்ற கண்டனம் எழுந்தது. நம் தெருக்கூத்துக் கலைஞர்களிடம் எவரேனும் சாக்சபோனை நீட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறேன். எனக்கும் அது முழுமையாக உடன்பாடில்லை.

எழுதியதற்கும் வாழ்ந்ததற்கும் இடையே அவரிடம் பெரிய இடைவெளி இல்லை. 1975ஆம் ஆண்டு நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபோது, தமக்கு அளிக்கப்பட்டிருந்த பத்மபூசண் விருதைத் திருப்பிக் கொடுத்தார். கைகா அணுமின் நிலையத்தை எதிர்த்து 1989ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளராக நின்றார். அப்போது அவருக்கு வயது 87. தோற்றார், அணுமின் நிலையமும் வந்தது. தொண்ணூற்றைந்தாம் வயதில் பறவைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1997ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் மறைந்தார். அந்நூல் 2002இல் வெளிவந்தது.

47 நாவல்களும் ஒரே தரமானவை அல்ல. விரைந்து எழுதியவர், செப்பனிட நேரம் செலவிடாதவர். சில இடங்களில் கதை நின்று ஆசிரியரே பேசத் தொடங்கிவிடுகிறார். எனவே எல்லாவற்றையும் தேடிப் படிக்கச் சொல்லவில்லை. தமிழில் கிடைப்பனவற்றுள் 'மண்ணும் மனிதரும்', 'அழிந்த பிறகு' ஆகிய இரண்டையும் ஊரிலிருந்து வரவழைத்து, நம் பள்ளி நூலகத்தில் ஒவ்வொன்றிலும் இரண்டு படிகள் வைத்திருக்கிறோம். இரண்டு மாதம் வரை எடுத்துச் செல்லலாம். வாயிலருகே உள்ள பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். எட்டாம் நிலை மாணவர்கள் இவ்வாண்டு 'எங்கள் களஞ்சியம்' என்னும் கையெழுத்து ஏடு ஒன்றைத் தொடங்குகிறார்கள். ஒரு மாணவர், ஒரு பொருள், ஒரு பக்கம், தமிழில். ஆசிரியர் தலையிடார், பெற்றோர் உதவலாம், எழுதிக் கொடுக்கக் கூடாது. முதல் பக்கத்துக்கு "பனி ஏன் வெண்மையாக இருக்கிறது?" என்ற வினாவை ஒரு மாணவி எடுத்துக்கொண்டிருக்கிறார். 'ஒளிச்சிதறல்' என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். பயன்படுத்தலாம், ஆனால் உன் தம்பிக்கு அது புரிகிறதா என்று படித்துக் காட்டிப் பார் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு அப்பக்கத்தை அவரே இங்கு வாசிப்பார். அனைவரும் வந்திருந்து கேட்க வேண்டுகிறேன்.