பெஞ்சில் உட்கார்ந்த பாட்டிமார்கள்

(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)

ஆப்பிரிக்க நகரங்களில் ஏழை ஜனங்கள் ஏன் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள்? இதைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

கென்யாவில் வெள்ளைக்கார சர்க்காரின் மனநோய் ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டர் காரதர்ஸ் 1953-ல் ஒரு நூல் எழுதினார். ஆப்பிரிக்கருக்கு மனச்சோர்வு நோய் வருவது அபூர்வம் என்றார். பொறுப்புணர்ச்சி இல்லாதவனுக்கு மனத்துயர் ஏதாம்!

உண்மை என்ன? உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2019-ம் வருஷக் கணக்குப்படி, தற்கொலை செய்துகொண்டவர்கள் உலகத்தில் லட்சத்துக்கு 9 பேர். ஆப்பிரிக்கப் பிரதேசத்தில் 11 பேர். இதுவும் முழுக் கணக்கு அல்ல. ஏன்?

தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்று வெள்ளையன் சட்டம் போட்டான். இங்கிலாந்தில் 1961-லேயே அதை எடுத்துவிட்டான். காலனிகளில் போட்டதோ விடுதலைக்குப் பிறகும் நின்றது. கானாவில் 2023-ல்தான் நீங்கியது. கென்யாவில் 2025 ஜனவரியில்தான் ஹைகோர்ட்டு செல்லாது என்றது. போலீசுக்குப் பயந்து குடும்பத்தார் 'விபத்து' என்று மறைத்தால், ஆராய்ச்சியாளருக்கு உண்மை எப்படிக் கிடைக்கும்?

கிடைத்தவரையில் காரணங்கள் இவை: வேலையின்மை, கடன், தீராத வியாதி, குடி, வீட்டில் அடி உதை, ஆதரவின்மை.

ஜிம்பாப்வேயைப் பாருங்கள். 2005-ல் சர்க்கார் நகரக் குடிசைகளையும் தெருக் கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்றது ஐக்கிய நாடுகள் சபை. அந்தக் காலத்தில் டாக்டர் சிபாண்டாவிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண், ஆஸ்பத்திரிக்கு வர பஸ் சார்ஜ் 15 டாலர் இல்லாமல் வீட்டிலேயே இருந்து, உயிரை மாய்த்துக்கொண்டாள். கொன்றது நோயா, இல்லாமையா?

2006-ல் அந்த டாக்டர், தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் கிளினிக் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, துயரப்பட்டவர் சொல்வதைக் கேட்டார்கள். எந்தக் கஷ்டத்தை முதலில் தீர்க்கலாம் என்று அவரோடு சேர்ந்து வழி தேடினார்கள்.

பலன்? ஹராரேயில் 573 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி 2016-ல் வெளியாயிற்று. ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குத் தற்கொலை எண்ணம் இருந்தது. பெஞ்சில் பேசியவர்களில் 2 பேருக்குத்தான்!

பெஞ்சு கடனை அடைக்காது. இடித்த வீட்டைக் கட்டித் தராது. அதற்குப் போராட வேண்டும். போராட ஆள் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

ஆகவே, நமது லயனிலோ சேரியிலோ யாராவது சோர்ந்து ஒதுங்கினால், கோழை என்று ஏசாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், கேளுங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். காது கொடுத்துக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை, தோழர்களே!