ஆதரவாளர்க்கு ஒரு மடல்
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கணினி விளையாட்டைப் பற்றி இந்த மேடையில் என்ன பேச்சு என்று முன்வரிசைப் பெரியவர்கள் நினைக்கக்கூடும். சென்ற ஆண்டுவரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் தமக்கை மகன் முத்துக்குளிப்பை வைத்து ஒரு விளையாட்டு ஆக்கத் தொடங்கிய பின்புதான் அதிலுள்ள பாடு எனக்கு விளங்கிற்று.

தொடங்கிய வேலையைக் காட்டி, விரும்பியவர்களிடம் முன்பணம் பெற்றான். நாற்பது பேர் கொடுத்தார்கள். பாதிப்பேர் வெளிநாட்டிலுள்ள நம்மவர்கள். அன்றிலிருந்து பிள்ளைக்கு இரண்டு வேலை. பகலில் விளையாட்டை ஆக்குவது, இரவில் நாற்பது பேருக்கும் பதில் எழுதுவது. கனடாவில் பகலென்றால் இங்கே இரவல்லவா? "எங்கே நிற்கிறது, எப்போது முடியும்?" என்று அவர்கள் கேட்டதிலும் பிழையில்லை, பணம் கொடுத்தவர்கள். முதல் மாதம் நாள்தோறும் புதுப்படம் காட்டினான். அடுத்த மாதம், காட்டுவதற்காகவே அழகான பகுதிகளை முதலிற் செய்தான். சுழியோடியின் மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கு அப்படியே கிடந்தது. நாலாம் மாதம் கணினியை மூடிவிட்டான். கைத்தொலைபேசி ஒலித்தாலே முகம் வாடும். சோம்பேறி என்று வீட்டிற் சொன்னார்கள். நானும் சொன்னேன், இன்று அதை நினைக்க வெட்கமாயிருக்கிறது.

இத்தொழிலில் முன்னே சென்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் டீம் செரி என்றொரு சிறு குழு. 2014 இல் பொதுமக்களிடம் பணம் திரட்டி, 2017 இல் 'ஹாலோ நைட்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதன் தொடர்ச்சியை 2019 இல் அறிவித்தவர்கள், சில மாதங்களுக்குப் பின் ஏறக்குறைய வாய்திறக்கவேயில்லை. ஆதரவாளர் ஒருவர், "இன்றும் செய்தி இல்லை" என்று சொல்வதற்கென்றே நாள்தோறும் ஒரு காணொளி வெளியிட்டு வந்தார்! தலைமன்னார்க் கப்பல் எப்போது ஓடும் என்று கேட்டுக் களைத்த நமக்கு இது புதிதல்ல. 2025 செப்டெம்பர் 4 இல் அது வெளிவந்தபோது, வாங்க வந்தோர் நெரிசலில் இணையக் கடைகளே திணறின. "இன்னும் வேலை நடக்கிறது" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னால் மக்கள் சலிப்பார்கள் என்றுதான் பேசாதிருந்தோம் என்றார்கள். முதல் விளையாட்டு ஈட்டிய பணம் கையிலிருந்தவர்களுக்கு அந்த மௌனம் இயலும். நம் பிள்ளைக்கு இயலாது.

எனக்குப் பிடித்தவர்கள் அமெரிக்காவின் ஆடம்ஸ் சகோதரர்கள். 'ட்வார்ஃப் போர்ட்ரஸ்' என்ற விளையாட்டை 2006 இல் இலவசமாகவே வெளியிட்டு, 2022 டிசெம்பரில் விலைப்பதிப்பு வரும்வரை பெரும்பாலும் நன்கொடையிலேயே காலந்தள்ளினார்கள். நன்கொடையாளருக்குக் கைம்மாறு, மெழுகு வண்ணத்தில் ஒரு சித்திரம் அல்லது ஒரு சிறுகதை. வேலைக் குறிப்புகளோ அலங்காரமற்ற சில பந்திகள். செய்த வேலையிலிருந்தே செய்தி பிறந்தது. செய்திக்காக வேலை செய்யவில்லை.

இதை மருமகனிடம் சொன்னேன். இருவரும் உட்கார்ந்து நாற்பது பேருக்கும் ஒரே மடல் எழுதினோம். மாதக் கடைசி ஞாயிறு ஒரு மடல் வரும், இடையில் தனித்தனிப் பதில் இராது, விளையாடிப் பார்க்கக்கூடிய நிலை வருமுன் முடியும் நாளைச் சொல்வதற்கில்லை, நாலு மாதம் நின்றுபோனது உண்மை, மன்னிக்கவும். அந்தக் கடைசி வரியை எழுதத்தான் அவனுக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் பிடித்தது. வருகிற கேள்விகளை இப்போது அவன் தங்கை வாசித்து, அவசரமானதை மட்டும் அவனிடம் கொடுக்கிறாள். இரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டோம். மற்றவர்கள் இருக்கிறார்கள்.

பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம்: அவனைச் சந்தியிற் கண்டால், "முடிந்ததா?" என்று கேளாதீர்கள்.

விளையாட்டு இன்னும் முடியவில்லை. சென்ற ஞாயிற்று மடலை அரை மணி நேரத்தில் எழுதினான். மூச்சுக் கணக்கு இன்னும் பிழையாகவே வருகிறது, சுழியோடி கரை சேருமுன் இறந்துபோகிறான் என்று அதில் எழுதியிருந்தான். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், தம் பாட்டனார் கடலில் மூச்சடக்கிய விதத்தை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார்.