ரசிகன் வாயை மூடினால் கிளப்புக்குத்தான் நஷ்டம்



‘புதிய கோச் யார் என்று கால்பந்து ரசிகர்கள் நடத்தும் விவாதம் விளையாட்டுக்குப் பலமா, வெட்டிப் பேச்சா?’ இதுதான் பட்டிமன்றத் தலைப்பு. பலமே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் எழுந்ததுமே என்ன சொன்னார்? “மாப்பிள்ளை பார்க்கிறது பெண்ணைப் பெற்றவன் வேலை, தெருவில் போகிறவனுக்கு அதில் என்ன?” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, நம்ம ஊரில் தெருமுனை டீக்கடையில் விசாரிக்காமல் எந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது? முடிவு எடுக்கிறவர் பெற்றவர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் “அந்தப் பையனா? அவன் எந்த வேலையிலும் ஆறு மாசம் தங்க மாட்டானே” என்ற தகவல் டீக்கடையில்தான் கிடைக்கும். அதைக் கேட்காமல் பத்திரிகை அடித்தால் நஷ்டம் யாருக்கு?

அந்தரத்தில் பேச வேண்டாம். ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரம். அங்கே இரண்டு கிளப். சிவப்புச் சட்டை லிவர்பூல், நீலச் சட்டை எவர்ட்டன். எவர்ட்டன் முன்பு ஆடிய மைதானமே ஆன்ஃபீல்டுதான். 1892-ல் மைதான உரிமையாளரோடு தகராறு வந்து, நடுவில் இருக்கிற ஸ்டான்லி பூங்காவைத் தாண்டி குடிசன் பார்க்கில் போய் உட்கார்ந்தார்கள். காலியான ஆன்ஃபீல்டில் ஆட ஆள் வேண்டும் என்று தொடங்கப்பட்டதுதான் லிவர்பூல் கிளப். பாகப்பிரிவினையில் பிறந்த பங்காளிப் பகை. நூற்று முப்பது வருஷமாகியும் ஆறவில்லை.

2021 ஜூன் மாதம் எவர்ட்டன் கோச் அஞ்சலோட்டி ரியல் மாட்ரிட் கூப்பிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார். முதலாளி ஃபர்ஹாத் மோஷிரி புது ஆள் தேடுகிறார். உலகத்தில் எத்தனை கோச்? இவர் கண்ணில் பட்டது ரஃபேல் பெனிட்டஸ். யார் அந்தப் பெனிட்டஸ்? 2005-ல் இஸ்தான்புல்லில் மூன்று கோல் பின்தங்கிய லிவர்பூலை ஐரோப்பிய சாம்பியன் ஆக்கியவர். அதோடு விட்டாரா? 2007-ல் எவர்ட்டனோடு கோல் இல்லாமல் டிரா ஆன எரிச்சலில், எவர்ட்டனை ‘சின்ன கிளப்’ என்று சொல்லிவிட்டுப் போனவர். ஒன்பது முறை இங்கிலாந்து லீக் பட்டம் வாங்கிய கிளப்பைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது!

எவர்ட்டன் ரசிகர்கள் கொதித்தார்கள். எதிரணி அதை உணர்ச்சிவசப்படல் என்கிறது. இருக்கட்டும், உணர்ச்சியே இல்லாதவன் எதற்காக மழையில் நின்று மேட்ச் பார்க்கிறான்? ஆனால் அந்தக் கொதிப்புக்குள் ஒரு தகவல் இருந்தது. “இந்த மனுஷன் ஜெயிக்கும்வரை சகித்துக்கொள்வோம், தோற்க ஆரம்பித்தால் தாங்கிப் பிடிக்க இங்கே ஓர் ஆள் இருக்க மாட்டான்” என்பதுதான் அந்தத் தகவல்.

நடுவர் அவர்களே, இந்த இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கோச்சின் பட்டயம், பழைய கோப்பைகள், சம்பளம் எல்லாம் முதலாளியின் கோப்பில் இருக்கும். தோல்வி வரும்போது இந்த ஆளுக்கு ரசிகன் எத்தனை வாரம் பொறுமை காட்டுவான் என்ற கணக்கு மட்டும் அந்தக் கோப்பில் இருக்காது. அது ரசிகனிடம்தான் இருக்கிறது. நியமனத்துக்கு முன்னால் நடக்கிற விவாதத்தில் அவன் அதை இலவசமாகக் கொடுக்கிறான். வாங்கிக்கொள்ளத் தெரியாதவன் பிறகு காசு கொடுத்துத் தெரிந்துகொள்கிறான்.

மோஷிரி வாங்கிக்கொள்ளவில்லை. ஜூன் 30-ஆம் தேதி பெனிட்டஸ் வந்தார். முதல் ஆறு லீக் ஆட்டத்தில் நாலு வெற்றி. எதிரணி நண்பர்கள் அன்றைக்கு இருந்திருந்தால் பட்டாசு வெடித்திருப்பார்கள். அடுத்த பதிமூன்று ஆட்டத்தில் ஒன்றே ஒன்று. டிசம்பரில் சொந்த மண்ணிலேயே லிவர்பூலிடம் 4–1 என்று உதை. ஜனவரி 15-ல் நார்விச்சிடம் தோற்றதும் மறுநாளே வேலை போனது. ஆறரை மாதம்!

ஒன்று சொல்லிவிடுகிறேன், நேர்மையாக. அந்த ஜூன் மாதத்தில் பெனிட்டஸ் குடியிருந்த பகுதியில் ‘நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியும், கையெழுத்துப் போடாதே’ என்ற பொருளில் யாரோ ஒரு துணியைத் தொங்கவிட்டார்கள். அது விவாதம் இல்லை, ரவுடித்தனம். போலீஸ் விசாரித்தது, விசாரிக்கவும் வேண்டும். அந்தத் துணியைத் தூக்கிக்கொண்டு வந்து ஆயிரக்கணக்கான ரசிகர்களின் முகத்தை மூடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா சிரிக்கச் சிரிக்கப் பேசினார். லெஸ்டர் கதையைச் சொன்னார். 2015-ல் லெஸ்டர் சிட்டி கிளவ்டியோ ரனியேரியை நியமித்தபோது, அந்த ஊரிலேயே பிறந்த பழைய நட்சத்திரம் கேரி லினேக்கர் “ரனியேரியா? நிஜமாகவா?” என்று கேட்டார். அதே ரனியேரி 5000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கிய அணியை லீக் சாம்பியன் ஆக்கினார். கோப்பை வென்றால் ஜட்டியோடு வருகிறேன் என்று சொல்லியிருந்த லினேக்கர், சொன்னபடி உள்ளாடையோடு தொலைக்காட்சியில் வந்து நின்றார். “பார்த்தீர்களா ரசிகன் லட்சணத்தை” என்று முடித்தார் அம்மா.

அம்மா, கதையை முன்பக்கமும் பின்பக்கமும் கிழித்துவிட்டு நடுவில் மட்டும் வாசித்திருக்கிறீர்கள். முன்பக்கம் என்ன? லெஸ்டருக்கு வருவதற்கு முன் ரனியேரி கிரீஸ் நாட்டு அணியின் கோச். 2014 நவம்பரில் சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் 1–0 என்று தோற்று வேலையை இழந்தார். ஃபாரோ தீவுகளின் மொத்த ஜனமும் சேர்ந்தால் ஐம்பதாயிரம் சொச்சம், நம்ம ஊரில் ஒரு சின்ன நகராட்சி அளவுதான். அந்தத் தோல்வியோடு வந்தவரைப் பார்த்து ‘நிஜமாகவா’ என்று கேட்டது குற்றமா? கேட்டதால் அவருக்கு ஒரு கோலாவது குறைந்ததா?

பின்பக்கம் இன்னும் முக்கியம். கோப்பை வாங்கி ஒன்பது மாதத்தில், 2017 பிப்ரவரியில், ரனியேரியை வீட்டுக்கு அனுப்பியது யார்? நிர்வாகம்! அன்றைக்கு அது மன்னிக்க முடியாத செயல் என்று கண்டித்துக் கண்ணீர் விட்டவர் யார்? அதே லினேக்கர்! சந்தேகப்பட்டவன் கடைசியில் கூட நின்றான். நியமித்தவன் கைவிட்டான். இந்தக் கதை யார் அணிக்குச் சாட்சி?

ஃபெர்குசன் கதையும் வந்தது. வராமல் போகுமா? 1989 டிசம்பரில், அவர் கோச்சாக இருந்த மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் ‘மூணு வருஷமா சாக்குப்போக்கு, போய்ட்டு வா ஃபெர்கி’ என்கிற பாணியில் ஒரு ரசிகர் பேனர் பிடித்தார். அந்த ஃபெர்குசன் பிறகு பதிமூன்று லீக் பட்டம் வாங்கினார். அந்த பேனர் தப்புதான். நூற்றுக்கு நூறு தப்பு. ஆனால் பேனர் தப்பாகிப் போனதால் யார் கெட்டுப்போனார்கள்? நிர்வாகம் கேட்டது, யோசித்தது, வைத்துக்கொண்டது. விவாதம் என்றால் ரசிகன் சொன்னதைச் செய்தே ஆக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. அப்படி நாங்கள் யாரும் இங்கே பேசவும் இல்லை.

ஃபெர்குசனைச் சொன்னவர்கள் அவர் கிளம்பிய நாளையும் சொல்ல வேண்டாமா? 2013 மே மாதம், மைதானத்தில் மைக்கைப் பிடித்து, புது மேனேஜருக்கு, அதாவது கோச்சுக்கு, துணை நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். புது மேனேஜர் டேவிட் மொயஸ். தேர்ந்தெடுத்ததே பெரியவர்தான். பெரியவர் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி, ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்’ என்று பேனரே கட்டினார்கள். ஆறு வருஷ ஒப்பந்தம். ஒரு சீசன்கூட முடியவில்லை, 2014 ஏப்ரலில் அனுப்பிவிட்டார்கள். கேள்வி கேட்காத பவ்யம் என்ன சாதித்தது, சொல்லுங்கள்!

காசு பற்றியும் ஒரு வார்த்தை. கோச்சைத் தப்பாகத் தேர்ந்தெடுத்து நீக்கினால் சும்மா போக மாட்டார், நஷ்டஈடு வாங்கிக்கொண்டுதான் போவார். 2018-ல் கோச் கோன்டேயையும் அவர் ஆட்களையும் அனுப்பியதில் செல்சி கிளப்புக்கு ஆன செலவு 2.66 கோடி பவுண்டு. அதே வருஷம் மொரின்யோவையும் அவர் ஆட்களையும் அனுப்ப யுனைடெட் கொடுத்தது 1.96 கோடி பவுண்டு. வேலை செய்யாமல் இருப்பதற்குச் சம்பளம்! கிளப் கல்லாவில் இருந்து போகிற அந்தக் காசில் சீசன் டிக்கெட் வாங்குகிறவன் பணமும் உண்டு. அவனைப் பார்த்து ‘உனக்கென்ன தெரியும்’ என்றால் எப்படி?

இப்போது லண்டனுக்கு வாருங்கள். 2021 ஏப்ரலில், ஒரு கோப்பை இறுதிப் போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது, டாட்டன்ஹாம் கிளப் அதே மொரின்யோவை நீக்கியது. அடுத்த கோச்சைத் தேட எழுபத்திரண்டு நாள். நடுவில் கட்டூசோ பெயர் வந்தது. கால்பந்து நிர்வாகத்தில் பெண்கள் இருப்பது பற்றி அவர் முன்பு பேசிய பேச்சை ரசிகர்கள் தோண்டி எடுத்துப் போட்டார்கள், பேச்சுவார்த்தை அதோடு நின்றது. நிர்வாகத்துக்குத் தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் விட்டார்களா, அவர்களுக்கே வெளிச்சம். ஆனால் தோண்டியது ரசிகன்.

இதைவிட ருசியான விஷயம் வேறு. ரசிகர்களின் நெருக்கடியில் தலைவர் டேனியல் லெவி மே மாதமே எழுத்தில் ஒரு வாக்குக் கொடுத்தார். தாக்கி ஆடுகிற, பார்க்க விருந்தாக இருக்கிற ஆட்டத்துக்குத் திரும்பப் போகிறோம், அதற்கு ஏற்ற ஆளைத்தான் எடுப்போம் என்று. கடைசியில் எடுத்தது யாரை? தற்காப்பு ஆட்டத்துக்குப் பெயர்போன நூனோவை. முதல் மூன்று லீக் ஆட்டமும் 1–0 வெற்றி, அந்த மாதத்தின் சிறந்த மேனேஜர் விருதுகூட வந்தது. பிறகு? பத்து லீக் ஆட்டத்தில் மொத்தமே ஒன்பது கோல். அக்டோபர் 30-ல் யுனைடெட்டிடம் தோற்றுக்கொண்டிருந்தபோது, ஓடி ஆடிய லூகாஸ் மௌராவை வெளியே இழுத்தார். அரங்கம் மொத்தமும் ‘என்ன செய்கிறாய் என்று உனக்கே தெரியவில்லை’ என்று பாட ஆரம்பித்தது. இரண்டு நாளில் நூனோ இல்லை. ரசிகன் வாக்குக் கேட்காமல் இருந்திருந்தால் லெவி வாக்குக் கொடுத்திருப்பாரா? வாக்கு இல்லாமல் எந்த அளவுகோலை வைத்து அவரைக் கேள்வி கேட்பது?

மறுபடி எவர்ட்டன். பெனிட்டஸ் போன பிறகு புது கோச்சாக விட்டோர் பெரெய்ரா பெயர் அடிபட்டது. விடிந்து பார்த்தால் குடிசன் பார்க் சுவரில் ‘பெரெய்ரா வேண்டாம், லாம்பார்ட் வேண்டும்’ என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. சுவரைக் கெடுத்தது தப்பு, அபராதம் போடுங்கள். ஆனால் என்ன நடந்தது? இன்னும் வேலையே கிடைக்காத பெரெய்ரா தொலைக்காட்சியில் நேரலையில் வந்து ரசிகர்களுக்குத் தன் தரப்பைச் சொன்னார். முதலாளி அறைக்குள் மட்டும் பேச வேண்டியவர் ஊர் கேட்கப் பேசினார்! இதைவிட ஒரு விவாதத்துக்கு வேறென்ன மரியாதை வேண்டும்?

வேலை கிடைத்தது லாம்பார்டுக்கு. எதிரணி குதித்து எழும், தெரியும்: அவரும் ஒரு வருஷத்தில் நீக்கப்பட்டார் அல்லவா? ஆமாம், நீக்கப்பட்டார். பெரிய மேதை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த முதல் சீசனைப் பாருங்கள். டாட்டன்ஹாமிடம் 5–0 என்று தோற்றார். பெனிட்டஸாக இருந்தால் அன்றே மைதானம் தீப்பிடித்திருக்கும். இவருக்கு என்ன நடந்தது? அணியின் பேருந்து வருகிற தெருவில் ரசிகர்கள் நீலப் புகை கிளப்பி வரவேற்றார்கள். 2022 மே 19, கிரிஸ்டல் பேலஸோடு ஆட்டம். லீக்கில் தங்குவதா, கீழே இறங்குவதா என்ற நிலை. பாதி ஆட்டத்தில் 2–0 என்று பின்னால். ரசிகர்கள் கைவிடவில்லை. கீன் ஒன்று, ரிச்சர்லிசன் ஒன்று, 85-ஆவது நிமிஷம் கால்வர்ட்-லெவின் பாய்ந்து தலையால் ஒன்று. 3–2! எவர்ட்டன் தப்பியது. தாங்கள் கேட்டு வாங்கிய ஆளுக்கு ரசிகன் கொடுத்த பொறுமை அது. காசு கொடுத்தால் கிடைக்காது.

கடைசியாக ஒன்று சொல்லி அமர்கிறேன். இதே எவர்ட்டன் நிர்வாகம், 2018 ஏப்ரலில், அன்றைய கோச் சாம் அலர்டைஸுக்கு 0 முதல் 10 வரை எத்தனை மார்க் போடுவீர்கள் என்று ரசிகர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. அடுத்த மாதமே அவரை நீக்கியது. அனுப்பும்போது ரசிகன் மார்க் செல்லும், எடுக்கும்போது மட்டும் செல்லாதா? 2016 முதல் 2023 ஜனவரி வரை மோஷிரி காலத்தில் மட்டும் அந்த கிளப் நியமித்த நிரந்தர கோச்சுகள் ஏழு பேர். ஏழு பேரும் சம்பளம் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள், மோஷிரியும் 2024-ல் கிளப்பை விற்றுவிட்டுப் போய்விட்டார். ரசிகன் அங்கேயே இருக்கிறான். நடுவர் அவர்களே, இருக்கிறவன் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள்.