சுங்கம் கட்டாவிட்டால் யார் தலையில் விடியும்?

(காஞ்சிபுரத்தில் தறித் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சுங்கச் சாவடி கார்க்காரர்கள் சமாச்சாரம், தறி மிதிக்கிற நமக்கும் நாற்று நடுகிற நமக்கும் அதில் என்ன என்று பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. நம் தறிக்கு வேண்டிய பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. பெங்களூர் ரோட்டில் வரும் லாரி சென்னசமுத்திரம் சாவடியில் சுங்கம் கட்டிவிட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்புகிறது. அந்தக் காசு நூல் விலையில் ஏறுகிறது. அரிசி விலையிலும் ஏறுகிறது.

“அப்படியானால் கட்டாமல் போய்விட்டால் என்ன?” என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலைப் பார்ப்போம். 2021 பிப்ரவரி முதல் பாஸ்டாக் இல்லாத வண்டிக்கு இரட்டிப்புச் சுங்கம். 2025 நவம்பர் 15 முதல், டாக் இல்லாதவர் ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டு மடங்கு, போனில் யு.பி.ஐ. மூலம் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று ஆக்கினார்கள். 2026 ஜனவரியில் இன்னொரு விதி வந்தது. கட்டாத சுங்கம் வண்டியின் பேரில் பாக்கியாக நிற்கும். அதைத் தீர்க்காமல் எப்.சி. கிடையாது, வண்டியைக் கைமாற்ற முடியாது, நேஷனல் பர்மிட்டும் கிடையாது.

எப்.சி. இல்லாத லாரி ஷெட்டில் நின்றால் முதலாளிக்கு நஷ்டம், உண்மைதான். ஆனால் அன்றைக்கே அடுப்பு அணைவது டிரைவர் வீட்டில், கிளீனர் வீட்டில்!

தனி ஆள் விஷயம் இருக்கட்டும். சர்க்காரே பாக்கி வைத்தால்? 2025 ஜூலையில் அதையும் பார்த்தோம். கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நான்கு சாவடிகளில் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பாக்கி 276 கோடி ரூபாய் என்று சாவடிக் கம்பெனிகள் ஹைகோர்ட்டுக்குப் போயின. ஜூலை 10 முதல் அரசு பஸ்களை அங்கே விடக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவிட்டது. பிறகு அந்தத் தடை நிறுத்திவைக்கப்பட்டது. தடை அமலாகியிருந்தால் மூட்டை முடிச்சோடு ரோட்டில் நின்றிருப்பது யார்? டிக்கெட் வாங்கிய ஏழை ஜனங்கள். அவர்கள் ஒரு காசு பாக்கி வைத்தவர்களா?

ஆக, சொல்லாமல் கொள்ளாமல் கட்டாமல் போவது போராட்டம் ஆகாது. தண்டம் கீழே இருப்பவன் மீதே வந்து விழும்.

வேறு வழி உண்டா? நம் ரோடே சாட்சி. 2020 டிசம்பரில் மதுரவாயல்–வாலாஜாபேட்டை சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தபோது, அதைச் செப்பனிடும் வரை பாதிச் சுங்கமே வாங்க வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட்டு உத்தரவு போட்டது. சாலை சரியில்லை என்று நியாயம் கேட்டதால் சாவடி இறங்கி வந்தது. பயந்து ஓடியதால் அல்ல.

ஆகவே சட்டம் கொடுத்திருப்பதை முதலில் தெரிந்துகொள்வோம். இருசக்கர வண்டி, ஆட்டோ, டிராக்டர், மாட்டு வண்டி இவற்றுக்குச் சுங்கம் இல்லை. சாவடிக்கு 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவரின் வாடகைக்கு விடாத சொந்த வண்டிக்குச் சலுகை மாத பாஸ் உண்டு. டாக்கில் பணம் இருந்தும் சாவடி மெஷின் வேலை செய்யாவிட்டால், காசு வாங்காமல் பூஜ்ய ரசீது கொடுத்து விட வேண்டும். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். சுங்கம் வண்டி முதலாளியின் செலவு; டிரைவர் பேட்டாவில் பிடிக்கக்கூடாது என்பதைச் சங்கத்தின் மூலம் எழுத்தில் வாங்குங்கள்.

1070-ல் பட்டமேறிய முதலாம் குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்கிறார்கள். அது ராஜா மனமிரங்கிய கதை. நமக்கு ராஜா இல்லை, தோழர்களே. சங்கம் இருக்கிறது. சுங்கத்தைத் தட்டிக் கேட்கச் சங்கமாகச் சேர்வோம்!