ஆசிரியர்கள் படிக்கும் வகுப்பு

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் பேசப்போகிறார் என்றதும் நீரிழிவையோ கொலஸ்திரோலையோ எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று அவற்றுக்கு விடுமுறை. எங்கள் பழைய மாணவியரில் பல்கலைக்கழகங்களிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் தாதியர் கல்லூரிகளிலும் கற்பிப்பவர்கள் பலர். நானும் மருத்துவபீட மாணவருக்குக் கற்பிக்கிறேன். ஆகவே எங்கள் எல்லோருடைய வகுப்புக்குள்ளும் வந்துவிட்ட செயற்கை நுண்ணறிவைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

2022 நவம்பர் 30ஆம் திகதி சட்ஜிபிடி வெளிவந்தது. ஆசிரியர்களிடம் முதலில் எழுந்த கேள்வி, "இதைப் பாவிக்கிற மாணவரை எப்படிப் பிடிப்பது?" என்பதுதான். கட்டுரையை எழுதியது மனிதரா இயந்திரமா என்று சொல்லும் மென்பொருட்கள் வந்தன. சட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதாதென்று ஜூலையில் மீளப்பெற்றது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய 7 மென்பொருட்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாமே எழுதிய 91 டோபல் கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 வீதமானவற்றை இயந்திரம் எழுதியதென்று அவை கூறின. சொற்கள் எளியனவாகவும் வாக்கியங்கள் நேராகவும் இருந்தால் மென்பொருள் சந்தேகப்படுகிறது. எங்கள் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலமும் அதுதானே! உயர்தரம் வரை தமிழில் படித்து, பீடத்துக்குள் வந்தபின் ஆங்கிலத்துக்கு மாறி, அகராதியோடு போராடி எழுதிய ஒப்படையை "இது நீ எழுதியதில்லை" என்று திருப்பிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை எங்கே போய் முறையிடும்? பட்டமே அதில் தங்கியிருக்கலாம்.

ஆகவே நாங்கள் சில விரிவுரையாளர்கள் வேறு வழி எடுத்தோம். மாதம் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின், ஒரு மணித்தியாலம் ஒன்றாக இருந்து படிக்கிறோம். பேராசிரியரும் வருவார், அண்மையில் நியமனம் பெற்றவரும் வருவார். பெரும்பாலும் இளையவர்தான் அங்கே ஆசிரியர். ஒரு விதி மட்டும் இறுக்கமானது: உண்மையான நோயாளியின் பெயரோ நோய்க்குறிப்போ இயந்திரத்துக்குள் போகக்கூடாது. கற்பனை நோயாளிகளே போவார்கள்.

ஒருநாள் எங்களூர் ஆச்சி ஒருவர் சொல்வதுபோல, "நாரி உளையுது, குனிய ஏலாமல் கிடக்கு" என்று எழுதிக் கொடுத்தோம். இடுப்பு நோவென்று எங்களுக்குத் தெரியும். ஆனால் இலக்கியத் தமிழில் நாரி என்றால் பெண். உளைச்சல் என்றால் மனம்தான் நினைவுக்கு வரும். மனவேதனைப்படும் ஒரு பெண்ணுக்கு இயந்திரம் அழகான ஆறுதல் எழுதித் தந்தது! சிரித்து முடிந்தபின் அதையே ஒப்படையாக்கினோம். விடை எங்கே பிழைத்தது, கால் விறைப்பு உண்டா, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா என்பதுபோல ஆச்சியிடம் இன்னும் எவற்றைக் கேட்டிருக்க வேண்டும் என்று மாணவர் எழுதவேண்டும். "அதையும் இயந்திரத்தைக் கொண்டே எழுதுவிப்பார்களே" என்றார் ஒருவர். எழுதுவிக்கட்டும். பிறகு எங்கள் முன் நின்று ஐந்து நிமிடம் விளக்கவேண்டும். கூடுதல் புள்ளி அதற்குத்தான்.

இன்னொரு நாள் ஒரு தலைப்பில் ஆய்வுக்கட்டுரைப் பட்டியல் கேட்டோம். நூலகர் ஒவ்வொன்றாகத் தேடினார். சில கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை. அன்றுமுதல் நூலகர் எங்கள் நிரந்தர உறுப்பினர்.

பயனில்லை என்று சொல்லவரவில்லை. விளங்காத பாடத்தை மூன்று விதமாக விளக்கச் சொல்லி இரவு 11 மணிக்கும் கேட்கலாம். எங்களிடம் கேட்க வெட்கப்படும் கேள்விகளை மாணவர் அதனிடம் கேட்கிறார்கள். ஆசிரியர்களுக்கு இது கொஞ்சம் சுடுகிற செய்திதான். அதைப்பற்றி ஓர் அமர்வு முழுக்கப் பேசினோம்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கற்பிக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பல்கலைக்கழகங்கள் இதற்கென வகுத்த விதிகளும், நீங்கள் மாற்றியமைத்த பரீட்சை வினாக்களும் எங்களுக்கு வேண்டும். சூம் வழியாக அந்த ஒரு மணித்தியாலத்தில் சேருங்கள். இங்குள்ளவர்கள் தேநீர் நேரத்தில் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். அடுத்த அமர்வு வாய்மொழிப் பரீட்சை பற்றியது. மட்டக்களப்புப் பேச்சுத்தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரும் கட்டாயம் வேண்டும்.