எட்டுப் படி

(மாதர் அணிக் கூட்டத்தில் கொழுந்து பறிக்கும் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். நம் லயங்களில் இன்னும் பல வீடுகளில் இதே நிலைமைதான்.

என் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். ஒருநாள் காலில் கத்தி பட்டுவிட்டது. சீனி வருத்தம் இருந்ததால் புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு அவரை இஸ்தோப்பில் உட்கார வைத்துவிட்டு நான் பெரட்டுக்குப் போவேன். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் இருப்பார். கல்யாணம், திருவிழா, டவுன் எல்லாவற்றுக்கும் தனியாகப் போனேன். கேட்டவர்களிடம் "அவருக்குக் கஷ்டம்" என்றேன். உண்மையில், நாலு பேர் பார்ப்பார்களே என்ற வெட்கம் எனக்குத்தான்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் கேட்டார்: "போனது ஒரு கால்தானே புள்ள, வெளியுலகமே எனக்கு இல்லைன்னு ஆக்கிட்டியே?" அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் கோயில்வரை போக நினைத்தோம். லயத்திலிருந்து ரோட்டுக்கு எட்டுப் படி. மழை பெய்தால் வழுக்கும். தோட்டத் தலைவரிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பொடியன்மார் படியைச் சீர்செய்து, பழைய இரும்புக் குழாயில் கைபிடி போட்டுத் தந்தார்கள். இப்போது அவர் தினமும் தனியாகவே ரோட்டுக்கு இறங்குகிறார். பக்கத்து லயத்துப் பாட்டியும் அதைப் பிடித்துத்தான் இறங்குகிறார்.

பிறகு ஹட்டனில் ரயில் ஏறிப் பேராதனைப் பூந்தோட்டம் போனோம். உள்ளே பாதை அநேகமாகச் சமதரை. கொஞ்சம் நடப்பதும் கொஞ்சம் உட்காருவதுமாகச் சுற்றினோம். 1824இல் சீனாவிலிருந்து வந்த தேயிலைச் செடியை அங்கேதான் நட்டார்கள் என்று மகள் சொன்னாள். "அப்ப நம்ம வேலை இங்கதான் தொடங்கியிருக்கு" என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாகியிருந்தது!

போய்வந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மலையில் பின்னேரம் மழை வரும், காலையிலேயே கிளம்புங்கள். சீனி வருத்தக்காரருக்குச் சாப்பாடும் மருந்தும் நேரத்துக்கு வேண்டும், கையோடு கொண்டுபோங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், ஊன்றுகோல் பிறகு; இறங்கும்போது ஊன்றுகோல் முதலில். துணைக்குப் போகிறவர் எப்போதும் கீழ்ப்படிப் பக்கம் நிற்க வேண்டும். கேட்காமல் பிடித்து இழுக்காதீர்கள். எங்கே போகலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

இது தயவு கேட்கும் விஷயமல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களிலும் பொது இடங்களிலும் அவர்கள் சிரமமின்றிப் போய்வர வசதி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. நாம்தான் கேட்க வேண்டும்.

தோழர்களே, என் வீட்டுக்காரர் இன்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த மண்டபத்துக்கு நாலு படி, கைபிடி இல்லை. இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்றினார்கள். அடுத்த கூட்டத்துக்குள் நம் சங்கம் இங்கே ஒரு சாய்தளம் போட வேண்டும். நீங்களும் உங்கள் வீட்டில் இஸ்தோப்போடு இருப்பவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.